ரீயூனியன் எரிமலைத் தீவில் முதல் மலையேற்றம்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மாமா சேன் தெனியில் இருக்கிறார், அக்கா கல்யாணம் ஆகி சேன் பியேருக்குப் போய்விட்டாள், பையன் படிக்கப் போயிருக்கிறான். இப்படி ஏதோ ஒரு காரணத்துக்காக நம்மூரிலிருந்து ரீயூனியன் தீவுக்குப் போகிறவர்கள் உண்டு. போன இடத்தில் சொந்தக்காரர்கள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு மலை ஏறாமல் போகலாமா?" என்று கிளப்பிவிடுவார்கள். அதுவரை மயிலம் முருகன் கோயில் குன்றுக்கு மேல் எதையும் ஏறியிராத ஆள், 3,000 மீட்டர் மலைக்குப் பையைத் தூக்குகிறார். அவருக்காகத்தான் இந்தப் பக்கம்.

ரீயூனியன் எப்படிப்பட்ட இடம்?

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. பரப்பளவு சுமார் 2,512 சதுர கிலோமீட்டர், அதாவது கடலூர் மாவட்டத்தைவிடச் சின்னது. கடலுக்கு அடியிலிருந்து எழும்பிய இரண்டு எரிமலைகள்தான் மொத்தத் தீவும். கரையோரம் கரும்பு, நடுவில் செங்குத்தான மலை. சமவெளி என்று சொல்ல ரொம்பக் கொஞ்சம்தான். 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக நம் பக்கத்து ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள்.

ஏறப்போவது எந்த மலை? எரிமலை என்றால் வெடிக்காதா?

இரண்டு எரிமலைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பித்தோன் தெ நேஜ் 3,071 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமானது. அது கடைசியாகக் கக்கியது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பழைய மலை சரிந்தும் மழையில் அரித்தும்தான் சிலாவோஸ், மாஃபாத், சலாசி என்ற மூன்று பெரும் பள்ளத்தாக்குகள் உண்டாகியிருக்கின்றன. இன்னொன்று பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகிலேயே அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று இதுதான்.

உயரத்தில் பெரியது, உழைப்பில் கடினமானது நேஜ். உயிருள்ளது, ஆனால் ஏறுவதற்குச் சற்று எளியது ஃபூர்னேஸ். "என் முதல் கஷ்டமான மலை" என்று யாராவது கேட்டால் நான் நேஜையே சொல்வேன், இரண்டு நாள் திட்டமாக. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

நான் இதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. என்னால் முடியுமா?

முடியும், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நமக்குத் தெரிந்த அளவுகோல் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். நேஜ் ஏற்றம் தொடங்கும் லெ ப்ளோக் என்ற இடம் கிட்டத்தட்ட 1,380 மீட்டரில் இருக்கிறது. இரவு தங்கும் விடுதி 2,478 மீட்டரில். ஆக, முதல் நாள் நாலரை ராஜகிரி. மறுநாள் விடிவதற்குள் இன்னும் இரண்டரை ராஜகிரி. உச்சியில் நின்று படம் எடுத்தபின், அன்றைக்கே ஏழு ராஜகிரியையும் இறங்க வேண்டும்.

நம்மாட்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏறுவதற்கு மூச்சு போதும். மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம், யாரும் விரட்டப்போவதில்லை. ஆளைப் படுக்கவைப்பது இறக்கம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அண்ணா, புதுச்சேரியில் மலையே இல்லையே, எங்கே போய்ப் பயிற்சி செய்வது?

கடற்கரைச் சாலையில் காலை நடை போகிறேன் என்று பலர் சொல்வார்கள். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்த மலைக்கு அது போதாது. சமதரையில் பத்து கிலோமீட்டர் நடக்கிற கால், படி இறங்கும்போது நடுங்கும். தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவது இறக்கத்தில்தான். அந்த வேலைக்குப் பழகாத தசை இரண்டு மணி நேரத்தில் கைவிட்டுவிடும்.

அதனால் மாடிப்படி. நாலு மாடிக் கட்டடம் கிடைத்தால் ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். இருபது முறை ஏறி இறங்கினால் ஒரு ராஜகிரி ஆகிறது. ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட் என்று ஏமாற்றக் கூடாது, ஏனென்றால் நமக்கு வேண்டியதே அந்த இறக்கம்தான். முதல் வாரம் ஐந்தாறு முறை போதும். பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். காலியாக ஏறுவது சுலபமாகிவிட்டால், முதுகில் பையை மாட்டி உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

வார இறுதியில் செஞ்சி. புதுச்சேரியிலிருந்து எழுபது கிலோமீட்டர்தான், கடலூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். காலையில் சீக்கிரம் போய் ராஜகிரி ஏறி இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறுங்கள். அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் உங்கள் நிலைமை உங்களுக்கே தெரியும். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. முடிந்தால் ஒரு தடவை போளூர் பக்கம் பர்வதமலைக்கும் போய் வாருங்கள். நாள் முழுக்க மலையில் இருப்பது எப்படி என்று அது காட்டிக்கொடுக்கும்.

கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை மணல் இருக்கிறது. உலர்ந்த மணலில் அரை மணி நேரம் நடந்தால் கணுக்கால் நன்றாக உறுதிப்படும். எரிமலைக் கல்லில் பாதம் அப்படியும் இப்படியும் பிரளும்போது அந்த உறுதி கைகொடுக்கும்.

எத்தனை நாள் முன்பே தொடங்க வேண்டும்?

மூன்று மாதம் இருந்தால் நிம்மதி. ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், நேஜை விட்டுவிட்டு ஃபூர்னேஸ் மட்டும் போய் வாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை. தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு ஆடி, ஆவணி நடக்கும்போது அங்கே குளிர்காலம், மழையும் குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

அந்த ஊர் மழையை நம்மூர் மழை என்று நினைத்துவிடக் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது, வீதியெல்லாம் படகு விட்டோம். ரீயூனியனில் ஃபோக் ஃபோக் என்ற மேட்டு நிலத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பெய்தது 182.5 சென்டிமீட்டர். அது உலக சாதனை. அப்படிப்பட்ட மழையில் பாதை அரித்துக்கொண்டு போகும், பாறை உருளும். 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் தாக்கியபோது மலைப் பாதைகள் பல மூடப்பட்டன. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பிரெஞ்சு வனத்துறை அவ்வப்போது அறிவிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

பாதை எப்படி இருக்கும்?

முதலில் சிலாவோஸ் ஊருக்குப் போக வேண்டும். கரையிலிருந்து ஏறும் சாலைக்கு "நானூறு வளைவுச் சாலை" என்றே பெயர். பேருந்தில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை பார்த்து உட்காருங்கள். ஊரைத் தாண்டியதும் லெ ப்ளோக்.

அங்கிருந்து மூன்று முதல் நான்கு மணி நேரம் ஏற்றம், புதியவர்களுக்கு ஐந்துகூட ஆகலாம். தொடக்கத்தில் நிழலான காடு. கல்லும் கட்டையும் வைத்த படிகள், வளைந்து வளைந்து மேலே போகும். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, சில முட்டி உயரம் வரும். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, ஒரு கட்டத்தில் புதர்கள்தான் மிஞ்சும். தெக் தெக் என்ற சின்னக் குருவி பயமில்லாமல் கூடவே வரும். திரும்பிப் பார்த்தால் சிலாவோஸ் ஊர் ஒரு தட்டில் கொட்டிவைத்த மாதிரி கீழே கிடக்கும்.

காலை பத்து மணி வாக்கில் மேகம் மேலே ஏறிவிடும். இது தினமும் நடப்பது. அதனால் ஏழு மணிக்கே நடக்கத் தொடங்குகிறவருக்கு வெயிலும் காட்சியும் கிடைக்கும். காலைச் சிற்றுண்டியை முடித்து, கதை பேசிவிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்புகிறவருக்கு வெள்ளைச் சுவர்தான்.

விடுதிக்கு மேலே போனால் எல்லாமே மாறிவிடும். மரம் கிடையாது, மண் கிடையாது. சிவப்பும் கருப்புமாக எரிமலைக் கசடு, நடுவே பாறை அடுக்குகள். இருட்டில் நெற்றி விளக்கோடு, பாறையில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்ட் அடையாளங்களைத் தேடிக்கொண்டே போக வேண்டும். ஒரு அடையாளத்தைத் தாண்டி அடுத்தது கண்ணில் படவில்லை என்றால், பழைய அடையாளத்துக்கே திரும்பி வந்து நிதானமாகப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சி. ஜூலையில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் எழும், ஆகவே நாலு, நாலரைக்குக் கிளம்பினால் போதும். இரண்டு மணிக்கே எழுந்து போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மேலே நின்றால் மூன்று பள்ளத்தாக்குகளும் தெரியும், தென்கிழக்கே ஃபூர்னேஸ் தெரியும்.

இரவு எங்கே தங்குவது?

கவெர்ன் துஃபூர் என்ற மலை விடுதியில். முன்பதிவு கட்டாயம், ஜூலை, ஆகஸ்டில் சீக்கிரமே நிரம்பிவிடும். பலர் சேர்ந்து படுக்கும் அறைகள்தான், நட்சத்திர ஓட்டல் வசதியை எதிர்பார்க்க வேண்டாம். குறட்டைக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

ஒரே நாளில் ஏறி இறங்க முடியாதா?

உள்ளூர்க்காரர்கள் செய்கிறார்கள். முதல் தடவை போகிறவர் செய்யக் கூடாது.

குளிருமா? வெப்பமண்டலத் தீவுதானே?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கரையில் 25 டிகிரி என்றால் உச்சியில் 5. அதுவும் பகலில். ஜூலையில் விடிகாலை, காற்றோடு, பூஜ்யத்தை ஒட்டிப் போகும். பாறையில் உறைபனி படிந்திருக்கும் நாட்களும் உண்டு. நம்மூர் மார்கழிக்கே சால்வை போர்த்துகிற நமக்கு இது வேறு உலகம்.

பருத்திப் பனியனைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்வையில் நனைந்தால் அது காயவே காயாது, நின்றவுடன் உடம்பை உறையவைத்துவிடும். விளையாட்டுக்குப் போடும் செயற்கை நூல் பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு, அவ்வளவுதான். கையுறை வேண்டும், குளிருக்கும் சரி, எரிமலைக் கல் கையைக் கிழிக்காமல் இருக்கவும் சரி. பாட்டி ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போன மங்கி குல்லா பீரோவில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். மாற்று உடை ஒரு செட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வையுங்கள், விடுதியில் அது உயிர்.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா?

அடிப்பாகத்தில் ஆழமான பிடிமானம் இருந்தால் போதும். தேய்ந்துபோன ஜிம் ஷூ ஆகாது, ஈரமான பாசால்ட் பாறை அப்படி வழுக்கும். புது ஷூ வாங்கினால் செஞ்சிக்கு இரண்டு மூன்று முறை போட்டுப் பழக்குங்கள். அரை அளவு பெரிதாக வாங்குவது நல்லது, இறங்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் முட்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கறுத்துப்போன நகத்தோடு திரும்பியவர்களைக் கேட்டால் தெரியும்.

சாப்பாடு, தண்ணீர்?

ஏறும் நாளுக்கு ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், வழியில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. கடலை மிட்டாய் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும், பையில் நசுங்காது, வெயிலில் உருகாது. உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பழம், காய், விதை எதையும் கொண்டுபோகாதீர்கள், தீவின் செடிகொடிகளுக்கு நோய் வந்துவிடும் என்று விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள். எலுமிச்சம்பழமும்தான்.

விடுதியில் இரவு சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், கூடவே கறி வரும். அநேகமாகக் கோழியோ பன்றி இறைச்சி சாசேஜோ இருக்கும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சிலாவோஸ் பருப்பு பேர்போனது, சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் வீட்டு ஞாபகம் வரும்.

உயரத்தில் மூச்சுத்திணறல் வருமா?

2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு லேசான தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை வரலாம். கடல்மட்டத்திலேயே வாழ்கிற நமக்கு அது ஆச்சரியமில்லை. மெதுவாக ஏறுவதும் தண்ணீர் குடிப்பதுமே பெரும்பாலும் போதும். தலைவலி அதிகமாகி வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால், மேலே போகாமல் இறங்கிவிட வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

இறங்கும்போது முட்டி வலிக்காமல் இருக்க என்ன வழி?

அடி சின்னதாக வையுங்கள். உயரமான படியில் குதிக்காதீர்கள், பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை இறக்கி, பிறகு மறு காலை. நடைக்கம்பு இரண்டு இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும். இறங்குமுன் ஷூ நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். அரை மணிக்கொருமுறை இரண்டு நிமிடம் உட்காருங்கள். விழுகிறவர்கள் அநேகமாக இறக்கத்தில், அதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் விழுகிறார்கள். ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கால் களைத்துவிட்டது, மனம் சாப்பாட்டில் இருக்கிறது.

நெருப்பு கக்கும் ஃபூர்னேஸை எப்படிப் பார்ப்பது?

பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்புவரை, 2,311 மீட்டர், வண்டியே போகும். அங்கிருந்து செங்குத்துச் சுவரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் எரிமலையின் பெரிய வாணலிக்குள் இருப்பீர்கள். கயிறு முறுக்கிய மாதிரி உறைந்த வழவழப்பான எரிமலைக் குழம்பு ஒரு பக்கம், கண்ணாடித் துண்டாய்க் கிழிக்கும் கரடுமுரடான குழம்பு இன்னொரு பக்கம். ஃபோர்மிகா லியோ என்ற சின்னக் கூம்புவரை போவது குழந்தைகளுக்கும் முடியும். உச்சியில் இருக்கும் தொலோமியூ என்ற எரிமலை வாயின் விளிம்புவரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரம். 2007 ஏப்ரலில் அந்த வாயின் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் இடிந்து உள்ளே போனது.

நிழல் துளிகூட இல்லை. மூடுபனி வந்தால் திசை தெரியாது. இங்கும் வெள்ளை அடையாளங்கள்தான் வழி, அவற்றைவிட்டு அழகான கல்லைத் தேடிப் போகக் கூடாது.

வெடிப்பு தொடங்கும் அறிகுறி தெரிந்தால் நிர்வாகம் உள்ளே போகும் வழியை மூடிவிடும். 1977-இல் குழம்பு மலையைத் தாண்டி சேந்த் ரோஸ் பக்கத்து ஊருக்குள் வந்து, தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு அதன் வாசலில் நின்றுபோனது. அதன் பிறகுதான், 1979-இல், அங்கே கண்காணிப்பு நிலையம் வந்தது. நிலம் லேசாக அசைந்தாலும் வீங்கினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வழியை மூடிவிட்டார்கள் என்றால் கேட்டைத் தாண்டிக் குதித்துப் போகிற வீரம் வேண்டாம்.

தனியாகப் போகலாமா?

பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் தடவை தனியாக வேண்டாம். கைபேசி சிக்னல் சில இடங்களில் வரும், பல இடங்களில் வராது. எப்போது திரும்புவோம் என்று கீழே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் 112. மலை மீட்புக்கென்றே தனிக் காவல் பிரிவு இருக்கிறது, ஹெலிகாப்டரில் வருவார்கள். மேகம் மூடியிருந்தால் அவர்களாலும் வர முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. கூட்டிப் போகலாமா?

செஞ்சியில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு மறுநாள் சமையலறையில் வழக்கம்போல நிற்கிறார் என்றால் தாராளமாக. உங்களைவிட நன்றாக ஏறினாலும் ஏறுவார். இல்லையென்றால் ஃபோர்மிகா லியோ வரை கூட்டிப் போங்கள், சந்தோஷமாகத் திரும்புவார்.

விசா?

ரீயூனியன் பிரான்சின் ஒரு பகுதிதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஷெங்கன் விசா ஒன்றே போதும் என்று நினைத்துப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. செலவு யூரோவில், ஐரோப்பிய விலையில்.

பிரெஞ்சு தெரியாது. அங்கேதான் தமிழர்கள் இருக்கிறார்களே, தமிழில் பேசிக்கொள்ளலாமா?

பெயர்ப்பலகையில் வீராசாமி என்று இருக்கும், ஆனால் உள்ளே போனால் கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழியும் பிரெஞ்சும்தான். தலைமுறைகள் ஆகிவிட்டன, பேச்சுத் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. நீங்கள் புதுச்சேரியிலிருந்து வருகிறீர்கள் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும், அப்புறம் கையாலும் சிரிப்பாலும் எல்லாம் நடக்கும். விடுதிப் பதிவு, பாதை நிலவரம் இரண்டுக்கு மட்டும் பிரெஞ்சு தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்துவையுங்கள்.

இறங்கி வந்தபின் எத்தனை நாள் வலி இருக்கும்?

இரண்டாம் நாள்தான் உச்சம், மூன்று நான்கு நாளில் போய்விடும். மாடிப்படியில் ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்குப் பாதிகூட இருக்காது. இறக்கத்துக்கு ஒருமுறை பழகிய தசை அடுத்த முறை அவ்வளவாக நோகாது. மலையிலிருந்து இறங்கிய மறுநாளே ஊர் திரும்பும் விமானம் வைக்காதீர்கள். மடக்கிய காலோடு அத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஒரு நாள் கடற்கரையில் மெதுவாக நடந்துவிட்டு, பிறகு கிளம்புங்கள்.